சாகத் தெரிந்த கரப்பான் தேவை

மருந்து பட்டால் மறுபேச்சில்லாமல் செத்துப்போகிற கரப்பான் பூச்சி வேண்டும். ஜெனிஃபரின் தேவை இவ்வளவுதான். தங்கம் கேட்கவில்லை, தாம்பரத்தில் தனிவீடு கேட்கவில்லை. கூடுவாஞ்சேரிக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே எத்தனை சமையலறை இருக்கிறதோ அத்தனையிலும் கரப்பான் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லாம் சாக மறுக்கிற ரகம். மருந்தடித்தால் கொஞ்சம் தடுமாறிவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, குக்கர் மூடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஜெனிஃபருக்கு முப்பத்துநான்கு வயது. அப்பா ஏசுதாஸ் ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அப்பா செங்கல்பட்டுப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் பூச்சிமருந்து அடித்தவர். மூன்றாம் தலைமுறைக்கு வந்தபோது, பூச்சிக்கும் மருந்துக்கும் இந்தக் குடும்பத்துக்கும் இருந்த உறவு ஆராய்ச்சி என்று பெயர் மாற்றிக்கொண்டது. கூலி மட்டும் பெரிதாக மாறவில்லை. படூரில் ஒரு தனியார் கல்லூரியின் விலங்கியல் துறையில் அவள் தற்காலிக விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் அங்கேயேதான். ஏழாவது வருடம் ஓடுகிறது. பட்டம் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அடுத்த ஜூனில் ஒரு பூச்செண்டு கொடுத்து, போய் வாருங்கள் அம்மா என்று அனுப்பிவிடுவார்கள். பூச்செண்டு கூட நிச்சயமில்லை.

சொந்தக்காரர்கள் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் முதல் கேள்வி, "இன்னாமா, இன்னும் படிச்சிகினுதான் கீறியா?" என்பதுதான். இரண்டாவது கேள்விக்கு அவள் நிற்பதில்லை, சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவாள்.

அப்படி என்னதான் ஆராய்ச்சி என்று கல்யாணமான புதிதில் கணவன் ஸ்டான்லி கேட்டான். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தில் அவன் பம்ப் ஆபரேட்டர். தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிப்பவனுக்கு இது புரியும் என்ற நம்பிக்கையில் அவள் சொன்னாள்:

"பூச்சி உடம்புல ஒரு என்சைம் கீது. உள்ள வர்ற விஷத்துமேல சர்க்கரைய ஒட்டி வெளிய அனுப்பிடும்."

"விஷத்துக்கு எதுக்கு சர்க்கரை?"

"விஷம் எண்ணெய் மாதிரி. தண்ணில கரையாது, கொழுப்புலயே தங்கிக்கும். சர்க்கரைய ஒட்டினா கரைஞ்சுடும், கழிவோட போய்டும்."

ஸ்டான்லி யோசித்தான். "எங்க பழைய சூப்பர்வைசர் மாதிரி. லீவு கேட்டு ரூமுக்குள்ள போவோம். தோள்ல கையப் போட்டு, டீ வாங்கிக் குடுத்து, குடும்பத்த விசாரிச்சு, வாசல் வரைக்கும் வந்து வுடுவாரு. வெளிய வந்தப்புறம்தான் லீவு குடுக்கலன்னே ஞாபகம் வரும்."

ஏழு வருடத்தில் எத்தனையோ கட்டுரைகளைப் படித்திருக்கிறாள். அந்த என்சைமை இவ்வளவு துல்லியமாக யாரும் விளக்கியதில்லை. சூப்பர்வைசரை அடிக்குறிப்பில் போட வழியில்லை, அதுதான் குறை.

அந்த என்சைம் குடும்பத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கரப்பான் குஞ்சு பெரிதாக வேண்டுமானால் தோலுரிக்க வேண்டும். தோலுரிக்க ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் தேவை. அந்த ஸ்டீராய்டுக்கு வேண்டிய மூலப்பொருளைப் பூச்சியால் சொந்தமாகத் தயாரித்துக்கொள்ள முடியாது. நாம் சிந்திய சாப்பாட்டிலிருந்து பொறுக்கி எடுத்து, மாற்றி அமைத்து, ஹார்மோனாக்கிக்கொள்ளும். தோலுரித்து முடிந்ததும் ஹார்மோன் வேலை முடிந்தது. உடனே அதே குடும்பத்து என்சைம் ஒன்று வந்து அதற்கும் ஒரு சர்க்கரையை ஒட்டி, பணி ஓய்வு கொடுத்துவிடும். எதிரிக்கும் வீட்டுப் பெரியவருக்கும் ஒரே சால்வை.

ஜெனிஃபரின் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டல் சமையலறையில் அவள் பிடித்துவந்த கரப்பான்கள் எந்த மருந்துக்கும் அசைவதில்லை. அவற்றுக்கு இந்தச் சர்க்கரை ஒட்டும் என்சைம் ஏகத்துக்கு இருக்கிறது. அப்படியானால், விஷத்தை விரட்டுகிற வேகத்தில் தன் சொந்த ஹார்மோனையும் அவை விரட்டிவிடுகின்றனவா? அதனால்தான் அந்தக் குஞ்சுகள் வளர்ந்து ஆளாக இவ்வளவு காலம் பிடிக்கிறதா? பிழைக்கக் கற்றுக்கொண்டதற்குக் கொடுக்கிற விலை, காலாகாலத்தில் பெரியவனாக முடியாமல் போவதா? கேள்வி கரப்பானைப் பற்றியதுதான். ஆனால் ஏழாம் வருடத்து மாணவி ஒருத்தி இதைச் சொல்லும்போது கேட்பவர்கள் அவள் முகத்தைப் பார்க்கத்தான் செய்தார்கள்.

இதை நிரூபிக்க இரண்டு கூட்டம் தேவை. ஒன்று, ஓட்டல் கூட்டம். ஜெனிஃபர் அதற்கு வைத்த பெயர் 'ரவுடி'. இன்னொன்று, ஒப்பிட்டுப் பார்க்க, விஷத்தின் வாசனையே அறியாத கூட்டம். அதன் பெயர் 'சாது'. வட இந்தியாவில் ஒரு பூச்சி வளர்ப்பு நிலையம் பல வருடங்களாக மருந்தே காட்டாமல் வளர்த்த பரம்பரை அது. ஒன்றரை வருடம் காத்திருந்து வாங்கினாள். நாய் பிஸ்கெட்டும் தண்ணீர்ப் பஞ்சும் வைத்து, பெரிய கண்ணாடி ஜாடிகளில், வாயில் மஸ்லின் துணி கட்டி வளர்த்தாள். வாசனைத் திரவியம் போட்டவர்கள் அந்தப் பக்கம் வரக்கூடாது. கொசுவத்தி வைத்த வீட்டிலிருந்து வருகிறவர்கள் கை கழுவிவிட்டு வர வேண்டும். வீட்டில் கணவனுக்குக் கிடைக்காத கவனிப்பு.

ஒரு சனிக்கிழமை அவள் செங்கல்பட்டில் ஒரு ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். அன்று அவளுடைய நெறியாளர் பேராசிரியர் தாமோதரன் ஆய்வகத்துக்கு வந்தார். தாமோதரன் நல்ல மனிதர். பூச்சிக்கொல்லிகளைப் பற்றி முப்பது கட்டுரைகளுக்கு மேல் எழுதியவர். நாய் பிஸ்கெட் துகளுக்கு எறும்பு வரிசை கட்டி ஜாடிகளில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். மாணவி ஊரில் இல்லாத நேரத்தில் ஆசிரியராவது உதவ வேண்டாமா? அவருடைய வீட்டில் அரிசி டப்பாவைச் சுற்றி எல்லார் வீட்டையும் போல எறும்பு சாக்பீஸால் கோடு போடுவது வழக்கம். அதே சாக்பீஸ் காரிலும் ஒன்று இருந்தது. அலமாரியின் மேல்தட்டு, நடுத்தட்டு, ஜாடி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் என்று, கோலப்போட்டிக்குப் போனால் பரிசு வாங்கும் அளவுக்குப் போட்டுவிட்டார். மின்விசிறியையும் போட்டுவிட்டு, அவளுக்கு போன் செய்தார்.

"ஜெனிஃபர், உன் எறும்புப் பிரச்சனைய நானே சால்வ் பண்ணிட்டேன்மா."

"எப்படி சார்?"

அவர் சொன்னார். ஞானஸ்நான வீட்டுப் பந்தியில் பிரியாணி பரிமாறிய இலையின் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெனிஃபர் இலையை மூடிவிட்டு எழுந்தாள்.

அவள் வந்து சேர்வதற்குள் சாதுக்கள் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. சில மட்டும் காலை ஆட்டிக்கொண்டிருந்தன. மேலேயிருந்து விழுந்த தூள் மஸ்லின் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. பக்கத்துத் தட்டில் ரவுடிகள் அதே தூளின்மேல் நடந்து, காலை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு, பிஸ்கெட் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. எறும்பு மட்டும் உண்மையிலேயே ஒன்றுகூட இல்லை.

"இதுவே ஒரு ரிசல்ட்தானேம்மா?" என்றார் தாமோதரன். "சாது செத்துடுச்சு, ரவுடி சாகல. உன் ஹைபாதிசிஸ் ப்ரூவ் ஆயிடுச்சு பாரு."

"சார், ஹார்மோன் அளவு இனிமேதான் சார் எடுக்கணும். செத்ததுல எப்படி சார் எடுக்கறது?"

"அந்த சேப்டர தூக்கிடேன்."

அந்த அத்தியாயம்தான் ஆய்வு. மிச்சமெல்லாம் முன்னுரையும் நன்றியுரையும். இதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். ஆய்வுக் குழு கூடும்போது, புதிய சாதுக் கூட்டம் ஒன்று கையில் இருப்பதைக் காட்டினால் கால அவகாசம் கேட்கலாம். இல்லாவிட்டால் அத்தியாயத்தைத் தூக்க வேண்டும், அத்தோடு பட்டத்தையும். வளர்ப்பு நிலையத்துக்கு எழுதினாள். அங்கே இந்த வருடம் வரிசை நீளம், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அன்பான பதில் வந்தது. அதிலும் சர்க்கரை ஒட்டியிருந்தது.

தேடல் ஆரம்பமானது. முதலில் கூடுவாஞ்சேரியில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடியிலேயே கேட்டாள். கீழ்வீட்டு காயத்ரி நெருங்கிய சிநேகிதி.

"காயத்ரி, உங்க வீட்ல கரப்பான் கீதா?"

காயத்ரியின் முகம், வீட்டில் கள்ளநோட்டு அடிக்கிறீர்களா என்று கேட்டதுபோல ஆகிவிட்டது. "எங்க வீட்லயா? நாங்க டெய்லி டெட்டால் போட்டுத் தொடைக்கிறோம், ஜெனி."

அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் போர்டின் இடுக்கிலிருந்து ஒன்று வெளியே வந்து, இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் பார்க்காததுபோல வெங்காய விலையைப் பற்றிப் பேசினார்கள். அன்று சாயங்காலம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில், 'நான்காவது மாடியில் ஒரு வீட்டில் கரப்பான் தொல்லை, அனைவரும் கவனம்' என்று செய்தி வந்தது. நான்காவது மாடியில் இருப்பது ஜெனிஃபர். அடுத்த ஞாயிறு எல்லா வீட்டுக்கும் மருந்து அடித்தார்கள்.

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தின் அருகே ஒரு பரோட்டாக் கடையில் கேட்டாள். கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார்.

"இன்னா மேடம், ஃபுட் ஆபீஸா?"

"இல்ல அண்ணா. எனக்குக் கரப்பான் வேணும். ஆராய்ச்சிக்கு."

"ஐய, எங்க கடைல அதெல்லாம் கெடையாது மேடம். நீங்க உக்காருங்க. டேய், மேடத்துக்கு ரெண்டு பரோட்டா, சால்னா நல்லா ஊத்து!"

காசு வாங்க மறுத்துவிட்டார். இப்படியே நான்கு கடை. கரப்பான் கேட்டுப் போன இடமெல்லாம் பரோட்டா கிடைத்தது. இந்தக் கடற்கரையில் லஞ்சம் எவ்வளவு சுலபம் என்று தெரிந்ததைத் தவிர ஆராய்ச்சியில் முன்னேற்றமில்லை.

ஒப்புக்கொண்டவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். ஆனால் கரப்பான் இருப்பதை ஒப்புக்கொள்கிறவன் மருந்து அடிப்பதையும் பெருமையோடு ஒப்புக்கொள்வான். சாக்பீஸ், ஜெல், ஸ்ப்ரே, வத்தி, பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மண்ணெண்ணெய். பிடித்து வந்து சோதித்தால் எல்லாம் ரவுடி. கிராமத்தில் கிடைக்கும் என்று யாரோ சொல்லப் போனால், அங்கே நெல்லுக்கு வாங்கி மிச்சமான மருந்தை வீட்டுக்குள் தெளித்திருந்தார்கள். ஜெனிஃபர் ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது தட்டைத் தள்ளிவிட்டுக் கத்தினாள்.

"இந்த டிஸ்ட்ரிக்ட்லயே விஷம் போடாத ஒரு வூடு இல்லியா? ஒண்ணே ஒண்ணு?"

ஸ்டான்லி மீன் முள்ளைப் பிரித்துக்கொண்டே சொன்னான்: "விஷம் போட்டா வேற எதனா சாவுற வூடா பாரு. அவுங்கதான் போட மாட்டாங்க."

அவள் தள்ளிவிட்ட தட்டை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

"என்கூட ஜுனைத்துன்னு ஒருத்தன் வேலை செய்றான். அவன் அக்கா கோவளத்துல வூடு நெறைய குருவி வளக்குது. ஊதுவத்தி கூட ஏத்த வுடாதாம். இவன் சென்ட் அடிச்சிகினு போனா வாசல்லயே நிக்க வெச்சிதான் பேசுமாம்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை அன்றுபோல நேசித்ததில்லை. எழுந்து போய் அவன் தட்டில் தன் மீன் துண்டையும் வைத்தாள்.

ஜுனைத்தின் அக்கா ஜெய்புன்னிசாவின் வீடு, கோவளத்தில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. கூடம் முழுக்கக் கூண்டு. லவ் பேர்ட்ஸும் குட்டிக்குட்டி ஃபிஞ்ச் குருவிகளும் போட்ட சத்தத்தில், கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

"கரப்பானா? எங்க வூட்லயா?" ஜெய்புன்னிசா நெஞ்சில் கை வைத்தார். பிறகு எட்டிப்போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தணித்தார். "மெதுவா பேசும்மா. கொள்ளையா கீது. தினை மூட்டைக்குள்ள, கூண்டுக்கு அடியில, எங்க பாத்தாலும். மருந்து அடிக்க முடியுமா? போன தடவ பக்கத்து வூட்ல அடிச்சதுக்கே ரெண்டு ஜோடி போய்டுச்சு."

"நீங்க அடிச்சதே இல்லியா அக்கா?"

"அல்லா சத்தியமா இல்ல. இனிமேதான் அடிக்கப் போறேன்." மகள் மஹீராவைப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். "மாப்பிள்ளையோட அம்மா சமையல்கட்டுக்குள்ள வந்து நிக்கறப்போ இது மூஞ்சில பறந்தா இன்னா ஆவுறது? சனிக்கிழம குருவியெல்லாம் தம்பி வூட்டுக்கு அனுப்பிட்டு ஒரேயடியா அடிச்சிரலாம்னு கீறேன்."

ஜெனிஃபர் ஜாடிக்குள் வாழைப்பழத் துண்டு போட்டு, வாயின் உள்பக்கம் வழுக்க வாஸ்லின் தடவி, தினை மூட்டைக்கு அருகே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வந்தபோது ஜாடியில் கல்யாணச் சத்திரம் போலக் கூட்டம். சின்னது, மண்நிறம், முதுகில் இரண்டு கோடு. அவளுக்கு வேண்டிய அதே ஜெர்மன் கரப்பான். ஜெய்புன்னிசா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இத இன்னாம்மா பண்ணுவ?"

"சாவுதான்னு பாப்பேன் அக்கா."

"அதுக்கு ஏம்மா படூருக்கு? செருப்பு இங்கியே கீதே?"

வியாழக்கிழமை பத்துக் கரப்பான்களை ஐஸில் வைத்து மயக்கி, ஒவ்வொன்றின் வயிற்றிலும் கடுகில் பாதி மருந்துச் சொட்டு வைத்து, கண்ணாடித் தட்டில் விட்டாள். விஷம் அறியாத பரம்பரை என்றால் இந்த அளவுக்கே போய்விட வேண்டும். அன்று இரவு ஜெபத்தில் அவள் பூச்சிகளின் மரணத்துக்காக வேண்டிக்கொண்டாள். கூட மண்டியிட்டிருந்த ஸ்டான்லி ஆமென் சொல்லலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை காலை, குழு கூடுவதற்கு முன், தட்டைத் திறந்தாள். ஒன்பது மல்லாந்து கிடந்தன. ஊசியால் தொட்டாள், அசைவில்லை. பத்தாவது, தட்டின் விளிம்பில் நின்று, வலது மீசையை வாய்க்குள் இழுத்து நிதானமாகச் சுத்தம் செய்துகொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. குருவி வீட்டுக்குள்ளும் எங்கிருந்தோ ஒரு ரவுடியின் ரத்தம் வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட் அட்டைப்பெட்டியில் வந்திருக்கலாம். அன்றைக்கு மருந்தடித்த பக்கத்து வீட்டிலிருந்து தப்பி வந்திருக்கலாம். அகதியாக வந்து, கல்யாணம் கட்டி, பிள்ளைகுட்டியோடு இருக்கிறதோ என்னவோ.

தாமோதரன் எட்டிப் பார்த்தார். "பிரமாதம்! செத்துடுச்சே!"

"ஒன்பதுதான் சார். ஒண்ணு சாகல."

அவர் குனிந்து அந்த ஒன்றைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது. சாக்பீஸ் விஷயத்துக்குப் பிறகு, இவளுக்கு ஏதாவது உதவி செய்தாக வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்துகொண்டே இருந்தது.

"பத்துக்குப் பத்துன்னா கமிட்டி கேள்வியே கேக்காதும்மா. ஒன்பதுன்னா நோண்டுவாங்க." சொல்லிக்கொண்டே வலது கால் ஷூவைக் கழற்றினார். "ஒரே ஒரு தட்டு. பத்தும் செத்துடுச்சுன்னு ஆயிடும்."

ஜெனிஃபர் தட்டின் மேல் கையை வைத்து மூடினாள்.

"சார், இது ஷூவால செத்ததா ஆகும் சார்."

"டேட்டால ஷூன்னு ஒரு கட்டமா போடப் போற?"

"போடாம இருந்தா அதோட குடும்பமே உள்ள இருக்கும் சார். சாதுன்னு நம்பி வளப்பேன். ரெண்டு தலைமுறைல பாதி ரவுடியா இருக்கும். நான் எடுக்கற ஹார்மோன் கணக்கு எதுக்குமே அர்த்தம் இருக்காது."

அவர் கழற்றிய ஷூவை மறுபடி காலில் மாட்டினார். "உனக்கு உதவி பண்றது ரொம்பக் கஷ்டம் ஜெனிஃபர்," என்று சொல்லிவிட்டு, லேஸைக் கட்ட உட்கார்ந்தார். உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பத்தாவது கரப்பான் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தது. ஏழு வருடத்தில் அதற்குமுன் எந்தக் கரப்பானின் உயிரையும் அவள் காப்பாற்றியதில்லை. இதைக் காப்பாற்றியதிலும் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

குழுவில், பழைய சாதுக் கூட்டம் எப்படிப் போயிற்று என்று தலைவர் கேட்டார். ஜெனிஃபர் வாயைத் திறப்பதற்குள் தாமோதரன், "எறும்பு சார். படூர்ல எறும்பு ஜாஸ்தி," என்றார். தலைவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். எல்லாரும் எறும்பின்மேல் கோபப்பட்டார்கள். ஜெனிஃபர் பேசாமல் இருந்தாள். ஒரு நாளைக்கு ஒரு உண்மைக்குத்தான் அவளிடம் தெம்பு இருந்தது, அதைப் புதிய கூட்டத்துக்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

"புதுசு கிடைச்சிருக்கு சார். ஆனா கலப்பு. பத்துல ஒன்பது செத்துச்சு. தாய் தாயா தனித்தனி ஜாடில வளத்து, ஒவ்வொரு தாயோட பிள்ளைங்கள்ல கொஞ்சத்த சோதிக்கணும். எந்தத் தாயோட பிள்ளைங்க முழுக்க சாவுதோ, அதுங்களோட கூடப் பொறந்த மிச்சத்த மட்டும் வெச்சுக்கணும். அப்பதான் சுத்தமான கூட்டம் வரும். ஒரு வருஷம் வேணும்."

"ஆறு மாசம் எடுத்துக்கம்மா," என்றார் தலைவர், பெரிய மனதோடு. ஆறு மாதத்தில் கரப்பான் எத்தனை தலைமுறை போகும் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. கரப்பானை அவசரப்படுத்தும் அதிகாரம் குழுவுக்கு இருக்கிறதா என்று ஜெனிஃபரும் கேட்கவில்லை. அடுத்த மாணவனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இனி முட்டைப்பை சுமக்கும் பெண் கரப்பான்கள் வேண்டும். நிறைய வேண்டும். வெளியே வந்ததும் ஜெய்புன்னிசாவுக்கு போன் போட்டாள்.

"நாளைக்கு மதியம் ஆள் வராரும்மா மருந்தடிக்க. சொல்லிட்டேன், காசும் குடுத்துட்டேன். நீ வரதுனா அதுக்கு முன்னாடி வா."

சனிக்கிழமை கோவளம் போகிற சாலையில் சுற்றுலாக் கார்கள் நெரித்தன. கேளம்பாக்கத்தில் பேருந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஜெனிஃபர் கோவளத்தில் இறங்கி ஓடியபோது கூண்டுகள் ஏற்கனவே ஆட்டோவில் ஏறிப் போயிருந்தன. குருவி இல்லாத கூடம் காதுக்கு வெறிச்சென்று இருந்தது. மருந்தடிக்கும் மைதீன், முதுகில் டேங்கும் மூக்கில் துணியுமாக வாசலில் நின்றிருந்தார்.

"இவங்கதான் அந்த கரப்பான் டீச்சரா?" என்று ஜெய்புன்னிசாவிடம் கேட்டார்.

"அண்ணா, கொஞ்ச நேரம் குடுங்க," என்று ஜெனிஃபர் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு தினை மூட்டைகளைப் புரட்ட ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் வாரிக்கொள்ள முடியாது. வால்பக்கம் பழுப்பு நிறப் பை துருத்திக்கொண்டிருக்கும் தாய்களைப் பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.

மைதீன் சிறிது நேரம் வேடிக்கை பார்த்தார். "நீங்க ஒண்ணொண்ணா புடிச்சா நான் எப்ப மேடம் அடிக்கறது? எனக்கு இன்னும் ரெண்டு வூடு கீது. நான் அடிச்சுடறேன், செத்தது எல்லாத்தையும் நீங்களே வாரிகினு போங்க. நான் ஒண்ணும் பங்கு கேக்க மாட்டேன்."

"உசுரோட வேணும் அண்ணா."

"உசுரோடயா?" அவர் ஜெய்புன்னிசா பக்கம் திரும்பினார். "நல்லா கீறாங்களா இவங்க?"

"நைனா, ஒரு டீ குடி," என்று ஜெய்புன்னிசா அவரை வாசல்படியில் உட்கார வைத்தார். "புள்ள ஏழு வருசமா படிக்குது. இன்னும் நாலு புடிச்சாதான் இன்னா."

மஹீரா நாளைக்கான பட்டுப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "அக்கா, அடுப்பு மேடைக்குக் கீழ இன்னும் நெறைய கீது. சிலிண்டர தள்ளிப் பாருங்க. ஆனா மாப்ள வூட்டுக்காரங்கிட்ட இது எதையும் சொல்லிடாதீங்க," என்றாள். ஜெனிஃபர் சிலிண்டரைத் தள்ளினாள். முழங்கை சிராய்த்தது. ஒன்று அவள் சட்டைக் கைக்குள் ஏறித் தோள் வரை வந்துவிட்டது. ஏழு வருடப் பழக்கம் இருந்தும் வீல் என்று கத்தினாள். மைதீன் டீயைச் சிந்திக்கொண்டு சிரித்தார்.

இரண்டாவது ஜாடி முக்கால்வாசி நிரம்பியபோது அவருடைய பொறுமை தீர்ந்துவிட்டது. கொல்லைப்புறத்தில் டேங்க் மோட்டார் உறுமியது.

"அண்ணா, இருங்க! நான் வெளிய போய்க்கறேன்!"

ஜாடிகளைத் துப்பட்டாவுக்குள் அணைத்துக்கொண்டு ஓடினாள். தெருமுனையில் நின்றாள். கடற்காற்று ஊருக்குள் அடித்துக்கொண்டிருந்தது. பேருந்து நிறுத்தம் காற்று போகிற பக்கம். மருந்துப் புகையும் அந்தப் பக்கம்தான் போகும். புகைக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டுமானால் கடலைத் தவிர போக இடமில்லை. திரும்பி மணலுக்கு ஓடினாள். செருப்பு புதைந்தது. படகுகளைத் தாண்டி ஈரமணல்வரை போய்த்தான் நின்றாள்.

நிழல் என்று ஒன்று அங்கே கிடையாது. கண்ணாடி ஜாடி வெயிலில் சூடானால் உள்ளே இருப்பவை சுருண்டுவிடும். ஜெனிஃபர் ஜாடிகளைக் காலடியில் வைத்து, வெயிலுக்கும் அவற்றுக்கும் நடுவே, தன் நிழல் அவற்றின்மேல் விழும்படி நின்றுகொண்டாள். கடற்கரைக்கு வந்திருந்த ஒரு குடும்பம், இந்தம்மா எதை ஒளித்து வைத்திருக்கிறாள் என்று பார்த்துவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தள்ளிப்போனது.

ஸ்டான்லியின் போன் வந்தது. "கெடச்சுதா?"

"கெடச்சுது."

"அப்ப சரி. சாவுமா?"

"தெரியல."

"எப்பத் தெரியும்?"

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முட்டை பொரிய, குஞ்சு தோலுரிக்க, பெரிதாக, சோதிக்க, மறுபடி பிறக்க. எந்தப் பக்கமிருந்து கூட்டினாலும் ஆறு மாதத்துக்குள் அடங்கவில்லை.

"நீ சாப்டுட்டுத் தூங்கு," என்றாள். "நைட் ஷிஃப்டுக்குப் போவணுமில்ல."

சூரியன் கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஜாடியின் ஓரத்தில் வெயில் பட்டது. ஜெனிஃபர் போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.